இடது பக்கத்து மவுஸ்

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பேன். மோட்டார் போடுவேன். பால் காய்ச்சுவேன். அத்தைக்குச் சர்க்கரை இல்லாத டீ, எனக்குச் சர்க்கரை போட்ட டீ. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கம்ப்யூட்டர் மேசையைத் துடைப்பேன். முதலில் திரை, பிறகு ஸ்பீக்கர், பிறகு கீபோர்டு. மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருக்கும். அதை எடுக்காமல் சுற்றித் துடைப்பேன். துடைத்து முடிப்பதற்குள் என் டீ ஆறியிருக்கும். அதைக் குடித்துவிட்டுக் குளிக்கப் போவேன்.

நான் வலக்கைக்காரன். கம்ப்யூட்டர் என் மனைவியுடையது. அவள் இடக்கைக்காரி. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவாள். போன மழைக்காலத்தில் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனவள் பேசும் நிலையில் வெளியே வரவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பையோடு வந்த அத்தை, அவளுடைய அம்மா, அதன்பிறகு திரும்பிப் போகவில்லை. பை கட்டிலுக்கு அடியில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அத்தை அந்தப் பையை வெளியே இழுத்துத் தூசி தட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இன்னும் கிளம்பல. பை கிளம்பத் தயாரா இருக்கட்டும்னு பாக்கறேன்."

"என்ன விஷயம் அத்தை?"

"வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட் வச்சிருக்காங்க. தேறலைன்னா வேலை போயிடும். போச்சுன்னா அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். அவ வீட்டுல மாடிப்படிக்குக் கீழ ஒரு அறை சும்மாதான் கிடக்கு."

"இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. சம்பாதிக்கிற வரைக்கும் பரவாயில்ல. அதுவும் போனப்புறம், செத்தவ சொன்ன ஒரு வார்த்தைக்காக எத்தனை காலம் என்னைச் சுமப்பீங்க?"

அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தியேட்டர் வாசலில் என் மனைவி என்னைக் கிட்டே இழுத்து ஏதோ சொன்னதைத் தாழ்வாரக் கோடியில் நின்ற பெரியத்தை பார்த்தார். பெரியத்தை என்றால் அத்தையின் அக்கா. எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: கடைசியா என்னப்பா சொன்னா? எனக்கு அன்று வாய் வரவில்லை. பெரியத்தைதான் பதில் சொன்னார். "வேற என்ன சொல்லியிருப்பா? எங்கம்மாவைப் பாத்துக்கங்கன்னுதான்." சாயங்காலத்துக்குள் அது எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. மறுக்க ஒரு முழு வாக்கியம் தேவைப்பட்டது. என்னிடம் அப்போது முழு வாக்கியங்கள் இல்லை. பிறகு மாடி வீட்டுக்காரர்கூட என்னைச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்றார்.

"எதுக்கு டெஸ்ட்?" என்றேன்.

அத்தை டைப்பிஸ்ட். விசாரணைகளில் பேசுவதை ஒலிப்பதிவு செய்து அவருடைய அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டுப் பேசியது பேசியபடி அடித்துத் தர வேண்டும். இருமினால் இருமல் என்று போட வேண்டும். அத்தை அந்த அலுவலகத்தில் யாரையும்விட வேகமாக அடித்தவர்.

"எழுத்து விழமாட்டேங்குது மாப்பிள்ளை. பத்து தட்டினா ரெண்டு விழுது. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கிற வயர்காரர் கீபோர்டை மாத்தி மாத்திப் பாத்துட்டாரு. மாத்தினதும் பூ மாதிரி ஓடுது. அப்புறம் பாதி நாள்ல அதே கதை. சில நேரம் தானா சரியாகுது, சில நேரம் தானா படுத்துக்குது. கடைசில கேப்ஸ்லாக் சொல்லிட்டாரு, கோளாறு கீபோர்டுல இல்லம்மா, கீபோர்டுக்கு மேல இருக்கிறதுலன்னு."

கேப்ஸ்லாக் அவர்களுடைய மேனேஜர். காலை வணக்கத்தையே கத்திச் சொல்வாராம். எல்லா எழுத்தையும் பெரிதாக்கும் விசையின் பெயரை டைப்பிஸ்டுகள் அவருக்கு வைத்திருந்தார்கள்.

"கையைக் காட்டுங்க."

"டீ குடிங்க. ஆறுது."

"அத்தை."

இடது கையைக் காட்டினார். நான் காத்திருந்தேன். பையின் மேல் அழுத்தி வைத்திருந்த வலது கையை மெதுவாக எடுத்தார். அது நடுங்கியது. பெரிய நடுக்கம் இல்லை. மூடிய பாத்திரத்துக்குள் தண்ணீர் கொதிக்கும்போது மூடி ஆடுமே, அந்த அளவு.

"எப்பலேர்ந்து?"

"அவ போனதுலேர்ந்து. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. உயிருக்கு ஒண்ணுமில்ல, ஆனா ஆடும்னாரு. ஆடட்டும், எனக்கென்ன, கச்சேரியா பண்ணப்போறேன்னு வந்துட்டேன். இப்ப பாத்தா கச்சேரி மாதிரிதான் ஆயிடுச்சு."

நான் டீயைக் குடிக்கப் போனேன். பாதி வழியில் டம்ளர் நின்றது. என் வேலை பஸ்களில் டிக்கெட் கொடுக்கும் மெஷின்களின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது. ஒரு பொத்தானை ஒருமுறை தட்டினால் ஏன் இரண்டு டிக்கெட் வருகிறது என்பது மாதிரியான கேள்விகளில்தான் என் நாள் கழியும். மாதக்கணக்கில் அந்த வேலையைத் தூக்கத்தில் செய்வதுபோல் செய்துவந்தேன். இப்போது ஒன்று இடறியது. நடுங்கும் விரல் ஒரு விசையை இரண்டு முறை தட்டும். எழுத்து கூடுதலாக விழ வேண்டும். குறையக் கூடாது.

"இங்க வந்து உக்காருங்க," என்றேன்.

"அது அவ நாற்காலி."

"ஆமா. உக்காருங்க."

அதைச் சொன்னது நானா என்று இருந்தது. அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் அலுவலகத்திலும் லினக்ஸ், வீட்டிலும் லினக்ஸ். அவர் போனில் இருந்த பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டோம். அத்தை அடிக்க ஆரம்பித்தார். மழை பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒரு எழுத்துக்கூட விட்டுப்போகவில்லை. அங்கங்கே ஒரே எழுத்து இரண்டு முறை விழுந்தது, அவ்வளவுதான்.

"இங்க நல்லா வருதே," என்றார் அத்தை, ஏமாற்றம்போல.

"அடிங்க. நான் பக்கத்துல இல்லன்னு நினைச்சுக்குங்க."

"நீங்க இருந்தாலே இல்லாத மாதிரிதான் மாப்பிள்ளை. அடிக்கிறேன்."

நான் திரையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். ஒலிப்பதிவில் ஒருவர் நீளமாக ஏதோ விளக்கினார். அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போது வலது கை சும்மா இருந்தது. சும்மா இருக்கும்போதுதான் அது அதிகம் ஆடும் போல. அவர் சுண்டுவிரலை ஒரு விசையின் மேல் ஊன்றி, கையையே அதில் நிறுத்திவைத்தார். ஆட்டம் நின்றது. அந்த ஆள் பேசி முடித்தார். ஸ்பீக்கரில் சன்னமாக ஒரு ஓசை வந்தது. அத்தை அடித்தார். விரல்கள் ஓடின. திரையில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஒரு எழுத்து. மறுபடி ஒன்றுமில்லை.

அத்தை கையை மடியில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா? இது வீட்டு கீபோர்டு. எல்லாம் வேற. கை மட்டும் அதே கை. அந்த ஆள் சொன்னது சரிதான்."

"சுண்டுவிரலை எங்க வச்சிருந்தீங்க?"

"எப்போ?"

"கேட்டுகிட்டு இருக்கும்போது."

"இங்கதான்." காட்டினார். ஷிப்ட் விசை. "இதுல ஊணினா எழுத்து விழாது, கையும் ஆடாது. பக்கத்து சீட்டுக்காரி கண்ணு கழுகுக் கண்ணு. பாத்தா மதியத்துக்குள்ள மேனேஜர் வரைக்கும் போயிடும்."

நான் அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். ஷிப்டை அழுத்திப் பிடித்தேன். எட்டு விநாடி. அதே ஓசை. எழுத்துகள் மறுபடி விழ ஆரம்பித்தன. இன்னொரு முறை பிடித்தேன். நின்றன.

"என்னது அது?"

"கையை வேகமா அசைக்க முடியாதவங்களுக்காக வச்சிருக்காங்க அத்தை. ஷிப்டை எட்டு விநாடி பிடிச்சா, இவங்களுக்குக் கை மெதுவாத்தான் வரும்போலன்னு மெஷின் முடிவு பண்ணிடும். அப்புறம் ஒவ்வொரு விசையையும் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சாத்தான் ஏத்துக்கும். தெரியாம பட்டா விட்டுடும். நீங்க பட்டும் படாம அடிக்கிற ஆளு. அதனால எல்லாத்தையும் விட்டுடுது. இன்னொரு தடவை எட்டு விநாடி பிடிச்சா பழையபடி ஆயிடும். கீபோர்டை மாத்தி மெஷினைத் திரும்பப் போட்டாலும் ஆயிடும்."

"எம்மேல இரக்கப்படுதா?"

"ஆமா."

"எவன் கேட்டான் இரக்கம்?"

"ஆபீஸ்ல இந்தச் சத்தம் கேக்கலையா?"

"ஹெட்போன் ஒலிப்பதிவுப் பெட்டிலதானே மாட்டியிருக்கு. கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது." கொஞ்சம் யோசித்தார். "அப்ப வயர்காரர் வந்து பாத்தா மட்டும் ஏன் எல்லா எழுத்தும் விழுது?"

"அவர் எப்படிப் பாப்பாரு?"

அத்தை ஆள்காட்டி விரலை நீட்டி, ஒரு விசையை ஈரச் சுவரில் ஆணி அமுக்குவதுபோல் அமுக்கிக் காட்டினார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த விசைக்குப் போனார். அதையும் அமுக்கினார். அந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

"அப்படி அமுக்கினா விழும்," என்றேன்.

பிறகு அத்தை தன் கையைப் பார்த்துச் சொன்னார், "ஆக, கை ஆடினது தப்பில்ல. மறைச்சதுதான் தப்பு."

அன்று சாயங்காலம் வரை அந்த மேசையை விட்டு எழவில்லை. ஷிப்ட் வழியாக மெஷின் இரக்கப்படும் பழக்கத்தைச் செட்டிங்கில் போய் நிறுத்தினோம். அது சுலபம். அடுத்தது இரட்டை எழுத்து. ஒரு விசை உடனே இரண்டாவது முறை தட்டுப்பட்டால் அதைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லவும் அங்கே ஒரு இடம் இருக்கிறது. எவ்வளவு உடனே என்பதை ஒரு பட்டையை நகர்த்திச் சொல்ல வேண்டும். நான் தாராளமாக நகர்த்தினேன். அத்தை 'அம்மா' என்று அடித்துப் பார்த்தார். அதற்கு 'ம' விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்ட வேண்டும். 'அமா' என்று வந்தது.

"ஒரு எழுத்தைத் தின்னுடுச்சு," என்றார். "என்னைக் கூப்பிட வேற ஆள் இல்ல, இது கூப்பிட்டும் அரைகுறையா."

கை தவறிப் போடும் இரட்டிப்பும், வேண்டும் என்று போடும் இரட்டிப்பும் மெஷினுக்கு ஒன்றுதான். இடைவெளியில்தான் வித்தியாசம். பட்டையை முடி அளவு குறைத்தேன். 'அமா'. இன்னும் குறைத்தேன். 'அம்மா', ஆனால் அடுத்த சொல்லில் நடுக்கம் புகுந்தது. ஏற்றினேன், இறக்கினேன். அத்தை ஒவ்வொரு முறையும் 'அம்மா' என்று அடித்தார். திரை நிறைய அம்மா. கடைசியில் ஒரு இடத்தில் நின்றது. ஒரு முழுப் பக்கம் அடித்துப் பார்த்தோம். வேண்டிய இரட்டிப்பு இருந்தது, வேண்டாதது இல்லை. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். நான்தான் தட்டினேன். அத்தை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

"இருக்கேன்."

மவுஸ் பற்றி நான் ஒன்றும் யோசித்திருக்கவில்லை. அலுவலகத்தில் வலது கையால் அதைப் பிடித்து ஒரு சின்னப் பொத்தானைத் தொடுவதற்குள் அம்புக்குறி கொசு மாதிரி பறக்கிறது என்று சொல்லியிருந்தார். ஆனால் இங்கே அவர் கேட்காமலே இடது கையை நீட்டி மவுஸைப் பிடித்திருந்தார். அது இடது பக்கம் இருந்தது, அதனால். அம்புக்குறி அசையாமல் போய், வேண்டிய இடத்தில் நின்றது. பொத்தான்களும் இடக்கைக்குத் தக்கபடி மாற்றப்பட்டிருந்தன. ஆள்காட்டி விரல் படும் பக்கம்தான் முதல் பொத்தான்.

"இது அவ வச்சபடியேவா இருக்கு?"

"ஆமா."

அத்தை என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை வரை தினமும் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தோம். இந்த மாற்றமெல்லாம் அவரவர் பெயரில் நுழையும் இடத்தில்தான் இருக்கும், வேறு மெஷினுக்குத் தானாக வராது, அதனால் அவரே செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அத்தை வழியை வீடு மாதிரி மனப்பாடம் செய்தார். வாசல், கூடம், இடது கைப் பக்க அறை, அதற்குள் அலமாரி, இரண்டாவது தட்டு. நான் எல்லாவற்றையும் பழையபடி கலைத்துவைப்பேன். அவர் திட்டிக்கொண்டே அடுக்குவார். இரவுச் சாப்பாட்டின்போது நான் இரண்டாம் முறை சாதம் கேட்டேன். அத்தை போட்டார். கரண்டியைத் தட்டில் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

வியாழக்கிழமை காலை துணியைப் பிழிந்துகொண்டு மேசைக்கு வந்தேன். மவுஸ் இல்லை. அது இருந்த இடத்தில், இத்தனை நாள் நான் சுற்றித் துடைத்து விட்ட தூசி திட்டாக இருந்தது. அத்தை செருப்பு மாட்டிக்கொண்டே, "அங்க இருக்கிறது வலது கைக்குன்னு வளைச்சு வச்ச மவுஸ். என் இடது கைக்குள்ள உக்காராது. இதை எடுத்துட்டுப் போறேன்," என்றார். கைப்பையைத் தட்டிக் காட்டினார்.

நான் அந்த இடத்தையும் துடைத்தேன். டீ சூடாக இருந்தது. லீவு சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.

டைப்பிங் ஹால் நீளமானது. சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. வெளியாள் உட்காரலாமா என்று கேட்டேன். உட்காரலாம், எதையும் தொடக் கூடாது என்றார் மேனேஜர். சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அம்மா, டெஸ்ட் உங்க மெஷின்ல வேணாம்," என்றார் அத்தையிடம். "அப்புறம் மெஷின் சரியில்லன்னு ஒரு பேச்சு வரும். என் அறைல இருந்த மெஷினை எடுத்து இங்க போட்டிருக்கோம். புத்தம்புது கீபோர்டு. யாரும் குறை சொல்ல முடியாது. டீ வண்டி வர்றதுக்குள்ள முழுசா முடிக்கணும். திருத்தாம அனுப்புற மாதிரி இருக்கணும்."

அவர் நியாயமாகத்தான் செய்தார். ஆனால் அத்தை தன் மெஷினில் முந்தின நாளே எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். இந்த மெஷினில் ஒன்றும் கிடையாது. என் உள்ளங்கை வேர்த்தது. மாதக்கணக்கில் எனக்கு எதற்கும் வேர்த்ததில்லை.

அத்தை உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். கைப்பையிலிருந்து மவுஸை எடுத்துச் சொருகி இடது பக்கம் வைத்தார். மேனேஜர் ஒலிப்பதிவை ஓடவிட்டார். அத்தை காலடியில் இருந்த பெடலை மிதித்து அதை நிறுத்தினார்.

"என்னம்மா?"

"ஒரு நிமிஷம் சார். சீட்டைச் சரி பண்ணிக்கிறேன்."

"சீட்டு கீழ இருக்கு. நீங்க ஸ்க்ரீன்ல ஏதோ பண்றீங்க."

"அது உக்கார்ற சீட்டு. இது கைக்குச் சீட்டு."

வயர்காரர் எட்டிப் பார்த்தார். நான் நினைத்ததைவிட இளையவர், கழுத்தில் ஒரு கேபிள். "சார், செட்டிங்கைத் திறக்கிறாங்க."

"எனக்கும் கண்ணு இருக்கு," என்றார் மேனேஜர். "அம்மா, எதை வேணாலும் சரி பண்ணுங்க. நேரம் ஓடுது. டீ வண்டி யாருக்காகவும் நிக்காது."

வாசல், கூடம், இடது கைப் பக்க அறை. நான் பெஞ்சில் உட்கார்ந்து கூடவே நடந்தேன். ஷிப்டின் இரக்கம் நின்றது. பொத்தான் மாறியது. பட்டையை நகர்த்தினார். 'அம்மா' என்று அடித்தார். அழித்தார். பட்டையை முடி அளவு நகர்த்தினார். மறுபடி அடித்தார். இதெல்லாம் என் ஊகம்தான்; திரை எனக்குத் தெரியவில்லை. அவர் தோள் தெரிந்தது. அது தளர்ந்தது. பெடலில் கால் வைத்தார்.

பிறகு அவர் அடித்தார்.

ஹாலில் மற்றவர்களும் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் ஒருவர் நிறுத்தினார். அடுத்தவர் நிறுத்தினார். பக்கத்து சீட்டுப் பெண் ஹெட்போனைக் கழற்றித் திரும்பினாள். ஒரே ஒரு கீபோர்டின் சத்தம் மட்டும் ஹாலில் இருந்தது. நடுவில் அந்தச் சத்தமும் நின்றது. ஒலிப்பதிவில் யாரோ நீளமாகப் பேசுகிறார் என்று புரிந்தது. அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். வலது கை சும்மா இருந்தது.

அவர் அதை ஷிப்டில் ஊன்றவில்லை. மடியில் ஒளிக்கவும் இல்லை. மேசை மேல், எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். கை ஆடியது. அது தன் பாட்டுக்கு ஆடியது. பக்கத்து சீட்டுப் பெண் பார்த்தாள். வயர்காரர் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். பேச்சு முடிந்தது போல. அத்தை ஆடிக்கொண்டிருந்த கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்தார். மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

டீ வண்டியின் சக்கரம் தாழ்வாரத்தில் கிரீச்சிட்டது. அத்தை முற்றுப்புள்ளி வைத்துக் கையை எடுத்தபோது அது இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

மேனேஜர் நின்றபடியே திரையில் படித்தார். ஒரு சுவர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு சகோதரர்கள் மாறி மாறிப் பேசும் விசாரணை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுகிறார், எங்கோ நாய் குரைக்கிறது. முதலில் சத்தமாகப் படித்தார். போகப்போகச் சத்தம் இறங்கியது. கடைசிப் பக்கத்தில் அவர் உதடு மட்டும்தான் அசைந்தது.

"நாய் குரைக்கிறதுன்னு ரெண்டு இடத்துல போட்டிருக்கீங்க," என்றார். "நான் இந்தப் பதிவை முழுசாக் கேட்டிருக்கேன். ஒரு இடத்துலதான் குரைக்குது."

அத்தை ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினார். பெடலைப் பின்னால் மிதித்துப் பதிவை அந்த இடத்துக்கு ஓட்டினார். மேனேஜர் கேட்டார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு முறை என்று விரல் காட்டினார். கேட்டார். பிறகு ஹெட்போனை இரண்டு கையாலும் மேசையில் வைத்தார்.

"தூரத்துல," என்றார்.

"வேற நாய் சார் அது," என்றார் அத்தை.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹால் முழுக்கப் பரவியது. மேனேஜரும் சிரித்தார். அவருக்குச் சாதாரணக் குரல் ஒன்று இருந்தது அன்றுதான் தெரிந்தது என்று அத்தை பிறகு சொன்னார். அந்தக் குரலில் அவர் சொன்னது இதுதான்: "டீ குடிச்சிட்டு உங்க மெஷினுக்குப் போங்கம்மா. அங்கயும் அந்தக் கைச்சீட்டைப் போட்டுக்குங்க. நிறைய வேலை தேங்கிக் கிடக்கு."

வயர்காரர் என்னிடம் வந்தார். "என்ன சார் பண்ணீங்க? நானும் கழற்றி மாட்டி ஓய்ஞ்சுட்டேன்."

"அவங்களைக் கேளுங்க."

அத்தை அவரைப் பக்கத்து மெஷினில் உட்காரவைத்தார். "தம்பி, ஷிப்டைப் பிடிங்க. விடாதீங்க. எட்டு எண்ணுங்க. இப்ப என்னை மாதிரி வேகமா அடிங்க." விழவில்லை. "இப்ப உங்களை மாதிரி அடிங்க." வயர்காரர் ஒரு விரலால் அமுக்கினார். விழுந்தது. மறுபடி வேகமாக அடித்தார். விழவில்லை. அவர் தன் நெற்றியிலேயே ஒரு அறை விட்டுக்கொண்டார். "நல்ல கீபோர்டையெல்லாம் தூக்கிக் குப்பையில போட்டேனே அம்மா."

"போனது போகட்டும். அந்த டீயை எடுத்துக் குடிங்க," என்றார் அத்தை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தை கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார். நான் வாசலிலேயே நின்றேன். அவர் உடுப்புகளை வெளியே எடுத்து அடுக்கினார்.

"அலமாரியில ஒரு தட்டு கிடைக்குமா மாப்பிள்ளை?"

"அவ தட்டு இருக்கு. வச்சுக்குங்க."

காலிப் பையை மடித்துப் பரண்மேல் வீசினார். அது எட்டாமல் திரும்பி வந்து அவர் தலையிலேயே விழுந்தது. நான் எடுத்து மேலே போட்டேன். பிறகு அத்தை பெரியத்தைக்குப் போன் போட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் வெங்காயம் கொட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்.

கைப்பையிலிருந்து மவுஸை எடுத்து வந்து, கீபோர்டுக்கு இடது பக்கம் அதன் இடத்தில் வைத்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் மாப்பிள்ளை, நீங்க வலக்கைதானே. இத்தனை மாசத்துல இதை ஒரு தடவைகூட இந்தப் பக்கம் மாத்தி வைக்கலையே?"

"அவ சொல்லியிருக்கா."

"எப்போ?"

"தியேட்டர் வாசல்ல."

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எங்கக்கா சொல்றது?"

"பெரியத்தை ரொம்பத் தள்ளி நின்னாங்க."

"என்னைப் பாத்துக்கச் சொல்லி அவ ஒண்ணும் சொல்லல?"

"இல்ல."

"ஒரு வார்த்தைகூட?"

"இல்ல அத்தை."

"அப்ப உங்களை யாரு என்னை வச்சுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீங்க இருந்தா நல்லாருக்கு."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார், இந்த முறை நுனியில் இல்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கண் நனைந்திருந்தது, வாய் சிரிக்கப் பார்த்தது.

"சரி, அவ சொன்னது என்னன்னு சொல்லுங்க. சுருக்காதீங்க, அழகு பண்ணாதீங்க. நான் டைப்பிஸ்ட். பேசினது பேசின மாதிரியே வேணும்."

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆரம்பித்திருந்தார். என் மனைவி இடது கையை நீட்டி என் சட்டைக் காலரைப் பிடித்தாள். வண்டி நின்றது. என் காதை அவள் வாய்க்கு அருகில் இழுத்துவைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் இல்லாத நேரம் பாத்து மவுஸை வலது பக்கம் மாத்தி வச்சீங்க, வந்து உண்டு இல்லைன்னு பண்ணிருவேன்."